காதுள்ளவர்கள் குழுவில் காலம் தள்ளுவது எப்படி?

முதல் விதி: எதையும் வாங்கிவிட்டு ஆடியோ பிரியர்களின் குழுவில் சேராதீர்கள். புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள். ஹெட்ஃபோன் வாங்கி, பெட்டியைப் பிரித்து, படம் எடுத்துப் போட்டு, "எப்படி இருக்கு?" என்று கேட்கிறார்கள். இரண்டு கட்டைவிரல் வரும். அத்தோடு சரி. வாங்கி முடித்தவனோடு பேச இங்கே யாருக்கும் ஒன்றும் இல்லை. வாங்கப் போகிறவன்தான் மாப்பிள்ளை.

"பத்தாயிரத்துக்குள்ள ஒரு நல்ல ஹெட்ஃபோன் சொல்லுங்க" என்று இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு வரி போட்டுப் பாருங்கள். வளசரவாக்கம், கோவை, துபாய், சிங்கப்பூர் என்று நாலு திசையிலிருந்தும் ஆள் வரும். "என்ன மாதிரி பாட்டு கேப்பீங்க?" என்பார் முதலாமவர். நீங்கள் யோசிப்பதற்குள் இரண்டாமவர், "ஓப்பன் பேக்கா, க்ளோஸ்ட் பேக்கா?" மூன்றாமவர், "இன்னும் கொஞ்சம் ஏத்தினீங்கன்னா சென்ஹைசர் எச்டி 600 செகண்ட் ஹேண்ட்ல பாத்துடலாம்." 1997-ல் வந்த மாடல், இன்னும் விற்கிறது, குறை சொல்வதற்கில்லை. நீங்கள் தலையாட்டியதும் நாலாமவர் நுழைவார்: "அது 300 ஓம் சார். போன்ல நேரா சொருகினா முனகும். தனியா ஆம்ப் வேணும்." ஆம்ப் என்றால் அதற்கு முன்னால், டிஜிட்டலை அனலாகாக மாற்றித் தரும் ஒரு டேக். டேக் என்றால் அதற்குச் சுத்தமான மின்சாரம். நள்ளிரவில் உங்கள் பத்தாயிரம் அரை லட்சத்தில் நிற்கும்.

பயப்பட வேண்டாம். "யோசிக்கிறேன் சார்" என்று போட்டுவிட்டுத் தூங்கப் போங்கள். அடுத்த மாதம் இதே கேள்வியைப் பதினைந்தாயிரத்துக்கு உயர்த்திக் கேட்கலாம். அதே ஆட்கள், அதே உற்சாகத்தோடு வருவார்கள். ஆலோசனை சொல்வதுதான் அவர்களுடைய பொழுதுபோக்கு. பாட்டு கேட்பதெல்லாம் அதற்கான முன்னேற்பாடு.

யாரை எப்படிக் கூப்பிடுவது என்பதில் கவனம் தேவை. வால்வ் (ட்யூப்) ஆம்ப் வைத்திருப்பவர் சார். காதுக்குள் செருகும் ஐஇஎம் ரகங்களை மாதத்துக்கு ஒன்றாக மாற்றுகிறவர் ப்ரோ. சால்டரிங் அயர்ன் பிடிக்கத் தெரிந்தவர், உங்களைவிடப் பத்து வயது சின்னவராக இருந்தாலும், அண்ணா. ஏனென்றால் என்றைக்காவது உங்கள் ஸ்பீக்கரிலிருந்து "ம்ம்ம்" என்று ஒரு ரீங்காரம் வரும். குழுவில் அத்தனை பேரும் கேபிளை மாற்று, ட்யூபை மாற்று, வீட்டை மாற்று என்பார்கள். அண்ணா மட்டும் இரண்டே வார்த்தை எழுதுவார்: "எர்த் பாருங்க." நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். எர்த்தில் கோளாறு இருந்தாலும், இரண்டு கருவிகள் இரண்டு வழியாக எர்த்தைத் தொட்டாலும், அந்த 50-ம் அதன் இரட்டிப்பான 100-ம் ஸ்பீக்கர் வழியாகப் பாட ஆரம்பித்துவிடும். குழுவில் கிடைக்கும் ஆலோசனைகளில் பணம் செலவில்லாமல் பலிப்பது அநேகமாக இது ஒன்றுதான். அதனால்தான் அதை யாரும் முதலில் சொல்வதில்லை.

மின்சாரத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் ஜப்பானை இழுத்துவிடுங்கள், மதிப்பு கூடும். பக்கத்து வீட்டு மின்சாரத்தின் அழுக்கு தன் பாட்டில் கலந்துவிடக் கூடாது என்று தன் வீட்டு வாசலில் தனக்கே தனக்கென ஒரு மின்கம்பம் நட்டுக்கொண்ட வழக்கறிஞர் ஒருவர் தோக்கியோவில் உண்டு. 2016-ல் அமெரிக்கப் பத்திரிகை ஒன்றில் செய்தியாக வந்தது. இதைச் சொன்னதும் குழுவில் ஒரு நீண்ட அமைதி விழும். ஒவ்வொருவரும் தன் தெரு டிரான்ஸ்ஃபார்மரில் எத்தனை கிரைண்டர், எத்தனை வெல்டிங் பட்டறை, எத்தனை தண்ணீர் மோட்டார் என்று மனதில் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார்கள். உங்கள் பகுதி ஈபி அலுவலகத்தில் மட்டும் இந்த யோசனையைக் கேட்டு வைக்காதீர்கள்.

அடுத்து, கருத்துச் சொல்லும் கலை. "நல்லா இருக்கு" என்று சொல்பவரை இங்கே மனிதராகவே மதிக்க மாட்டார்கள். "மிட் கொஞ்சம் முன்னாடி வருது, ஆனா மேல காத்தோட்டம் பத்தல" என்று சொல்லுங்கள். எதைப் பற்றி வேண்டுமானாலும் சொல்லலாம். எந்தக் கருவிக்கும் பொருந்தும். வாடகை வீட்டுக்கும் பொருந்தும். யாராவது மறுத்தால், "இன்னும் பர்ன்-இன் ஆகல போல" என்று பின்வாங்குங்கள். புதுக் கருவியை இருநூறு மணி நேரம் ஓடவிட்டால் சத்தம் பழுத்துவிடும் என்பது இவர்களுடைய நம்பிக்கை. ஸ்பீக்கரின் கூம்பைத் தாங்கும் ரப்பர் ஆரம்பத்தில் கொஞ்சம் இறுக்கமாக இருந்து இளகும், உண்மைதான். கேபிளில் இளகுவதற்கு என்ன இருக்கிறது என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். இருநூறு மணி நேரத்தில் பழுப்பது பெரும்பாலும் கேட்கிறவரின் காதுதான். ஆனால் அதற்குள் கடைக்காரர் சொன்ன திருப்பித் தரும் கெடு முடிந்துவிடும் என்பதைக் கவனியுங்கள்.

கேபிள் பற்றி என் சொந்த அபிப்பிராயம்: நாலைந்து மீட்டர் தூரத்துக்கு எலக்ட்ரிகல் கடையில் கிடைக்கும் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி தாராளம். இதை வெளியே சொல்லாமல் பயன்படுத்துங்கள். மேலே கறுப்பு வலை உறை போட்டுவிட்டால் யாரும் கேட்க மாட்டார்கள்.

குழுவில் ஒருபோதும் உச்சரிக்கக் கூடாத வாக்கியம் ஒன்று உண்டு. "கண்ணைக் கட்டிக்கிட்டு கேட்டுப் பாக்கலாமா?" 1994-ல் ஃப்ளாய்ட் டூல், ஷான் ஆலிவ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இந்த விளையாட்டை நிஜமாகவே நடத்தினார்கள். ஒரே ஸ்பீக்கர்களை ஆட்கள் கண்ணால் பார்க்காமலும், பார்த்தபடியும் கேட்டு மதிப்பெண் போட்டார்கள். பார்த்ததும் மதிப்பெண் இடம் மாறியது. பெரிதாக, அழகாக, பெயர்பெற்றதாக இருந்தவை உயர்ந்தன. அனுபவசாலிகளும் இதிலிருந்து தப்பவில்லை. இன்னொன்றும் உண்டு. இரண்டு கருவிகளில் ஒன்றை அரை டெசிபல் கூட்டி வைத்தால் போதும். சத்தம் கூடியது என்று தெரியாது, தரம் கூடியது என்றுதான் தோன்றும். கடையில் விலை கூடிய பெட்டிக்கு மாறும்போது விற்பனையாளரின் கை எங்கே போகிறது என்று பாருங்கள். பார்த்துவிட்டுப் பேசாமல் இருங்கள். நண்பர்கள் முக்கியம்.

பரிசோதனைப் பாட்டு இல்லாமல் எவரும் இங்கே பேச முடியாது. ஈகிள்ஸ் 1994-ல் மேடையில் வாசித்த "ஹோட்டல் கலிஃபோர்னியா" இந்தியா முழுக்க ஆடியோ கடைகளின் பிள்ளையார் சுழி. அந்த முதல் டிரம் அடி விழுந்ததும் எல்லோரும் தலையாட்டுவார்கள். அதற்கப்புறம் வரும் பாட்டை யாரும் கேட்டதில்லை. தமிழ்ப் பிரிவுக்கு இளையராஜா. 1986-ன் "ஹவ் டு நேம் இட்" இசைத்தட்டு அசல் அழுத்தத்தில் இருந்தால் பேச்சே வேறு. ஸ்டீரியோ பற்றிப் பேச்சு வந்தால் 1978-ல் வந்த "ப்ரியா"வைச் சொல்லியே ஆக வேண்டும். எல்பியில் இருந்த பாட்டு சிடியில் எக்கோ கூட்டி, ஸ்ட்ரீமிங்கில் இன்னும் கொஞ்சம் பாலீஷ் போட்டு, வயலின் எல்லாம் குளியலறைக்குள் போய்விட்டது என்ற புகாரில் நீங்களும் சேர்ந்துகொள்ளுங்கள். இது மட்டும் உண்மையான புகார். பழைய பதிவைத் தூசு தட்டச் சொன்னால் வெள்ளையடித்துவிடுகிறார்கள். அந்தக் காலத்தில் தெருமுனை ரெக்கார்டிங் சென்டரில் பாட்டுகளைச் சீட்டில் எழுதிக் கொடுத்து டிடிகே கேசட்டில் பதிந்து வாங்கியவர்கள் குழுவில் இருப்பார்கள். அவர்கள் பேச ஆரம்பித்தால் குறுக்கிடாதீர்கள். பென்சிலால் நாடா சுற்றிய கதை வரும் வரைக்கும் பொறுமையாக இருங்கள், வந்தே தீரும்.

உறவினர் கொண்டுவரும் டர்ன்டேபிள் பற்றி ஒரு எச்சரிக்கை. நியூ ஜெர்சியிலிருந்து சித்தி பையன் யாரோ வீட்டுக் கராஜில் கிடந்த பழைய டர்ன்டேபிளைத் தூக்கிக்கொண்டு வருவான். "110 வோல்ட்தானேடா, ஸ்டெப் டவுன் போட்டுக்கலாம்" என்று ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வாங்குவீர்கள். வோல்ட் குறையும், ஆனால் அங்கே மின்சாரம் நொடிக்கு 60 சுற்று, இங்கே 50. மின்சாரத்தின் சுற்றைப் பார்த்து ஓடும் பழைய மோட்டாராக இருந்தால் அது ஆறில் ஒரு பங்கு மெதுவாகத்தான் சுழலும். 33⅓ சுற்றவேண்டிய தட்டு 28-ஐக் கூடத் தொடாது. ஐந்து கட்டையில் பாடிய அம்மாள் மூன்று கட்டைக்கு இறங்கி, ஆலாபனையைச் சாவகாசமாக இழுத்து, கடைசியில் தன் அண்ணன் மாதிரி பாடுவார். இதைக் கேட்டுவிட்டு யாராவது, "வினைல்னா இதான் சார், என்ன ஒரு வார்ம்த்!" என்று எழுதினால், அவரைத் திருத்தாதீர்கள். குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் எதையாவது விற்க வேண்டியிருக்கும்.

சென்னைவாசிகளுக்குத் தனியாக ஒரு துயரம் இருக்கிறது, மின்விசிறி. சாதாரண சிடியின் 16 பிட் பதிவில் மிக மெல்லிய சத்தத்துக்கும் மிகப் பெரிய சத்தத்துக்கும் இடையே 96 டெசிபல் இடைவெளி உண்டு. 24 பிட் என்றால் கணக்குப்படி 144. எல்பி நல்ல நாளிலேயே 70-ஐத் தாண்டத் திணறும். இதை வைத்து இரவு முழுக்கச் சண்டை போடலாம். ஆனால் மே மாதத்தில், விசிறி மூன்றாம் எண்ணில் ஓடுகிற உங்கள் அறையில் 40, 45 டெசிபல் இரைச்சல் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. அதற்கு மேல்தான் சங்கீதம் தலைகாட்ட வேண்டும். 96 முழுவதையும் அதற்கு மேல் அடுக்கினால் 140-ஐத் தொடுகிறீர்கள். அது காது வலிக்கும் எல்லையையும் தாண்டிய இடம். ஆகவே முறைப்படி கேட்க விரும்புகிறவர்கள் விசிறியை நிறுத்திவிட்டு, பனியனோடு, இரவு ஒன்றரை மணிக்கு உட்கார்வார்கள். மறுநாள் குழுவில் "ட்ரான்ஸ்பரன்ஸி அபாரம்" என்று எழுதுவார்கள். வியர்த்ததை எழுத மாட்டார்கள்.

இப்போது செல்லப்பிராணிகள். கருவிகளைப் பற்றிப் பேசும்போது ஆளுக்கு ஆள் முறைத்துக்கொள்ளும் இந்தக் கூட்டம், யாராவது ஆம்ப் மேல் பூனை படுத்திருக்கும் படத்தைப் போட்டதும் உருகிவிடும். கேபிள் சண்டையில் உறவு முறியும் நிலையில் இருக்கும்போது ஒரு பூனைப் படத்தைப் போடுங்கள். அதற்காகவே நாலைந்து படம் கைவசம் இருக்கட்டும். பூனை இல்லாதவர்கள் பக்கத்து வீட்டுப் பூனையைப் பயன்படுத்தலாம்.

பூனைக்கும் வால்வ் ஆம்புக்கும் உள்ள நட்பு உலகறிந்தது. வால்வ் சூடாக இருக்கும். பூனைக்குச் சூடு பிடிக்கும். உள்ளே சில நூறு வோல்ட் ஓடுகிறது என்பதும் ட்யூபைத் தொட்டால் தோல் பொசுங்கும் என்பதும் அதற்குத் தெரியாது. எனவே ஆம்புக்குக் கூண்டு போடுங்கள். (பூனைக்குக் கூண்டு போட நினைத்தவரைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள்.) ஸ்பீக்கரின் முன்பக்கத் துணி நகம் தீட்டுவதற்காகவே தைக்கப்பட்டது என்பது பூனையின் உறுதியான முடிவு. டர்ன்டேபிள் ஊசி சுமார் இரண்டு கிராம் பாரத்தில்தான் தட்டின் மேல் நடக்கிறது. அதில் ஒரு பூனை முடி சிக்கினால் எம்.எஸ்.ஸுக்கே தொண்டை கட்டும். கார்பன் நார் பிரஷ் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், இதற்கு மட்டும் யாரிடமும் ஆலோசனை கேட்க வேண்டாம்.

காது என்று பார்த்தால் வீட்டில் உண்மையான காதுள்ளவர் பூனைதான். மனிதக் காதுக்கு, அதுவும் சின்ன வயதில், 20,000 ஹெர்ட்ஸ் எல்லை. நாய்க்கு 45,000 வரை கேட்கும். பூனைக்கு 64,000 வரை. நீங்கள் கூடுதல் பணம் கட்டி வாங்கும் 192 கிலோஹெர்ட்ஸ் கோப்பில் 96,000 ஹெர்ட்ஸ் வரை இடம் இருக்கிறது. அதாவது, அதில் மூன்றில் ஒரு பங்கு பூனைக்கும் வீண். பீட்டில்ஸ் 1967-ல் "சார்ஜண்ட் பெப்பர்" தட்டின் கடைசியில் நாய்களுக்காகவென்றே 15,000 ஹெர்ட்ஸில் ஒரு கீச்சொலியைச் சேர்த்தார்கள். குழுவில் ஐம்பதைத் தாண்டியவர்களில் அநேகருக்கு அது கேட்காது. அதைப் போட்டுக் காட்டி "கேக்குதா சார்?" என்று கேட்பது அநாகரிகம். அவர் கேட்கிறது என்றுதான் சொல்வார். நாய் எழுந்து காட்டிக்கொடுக்கும்.

இந்தப் பொழுதுபோக்கின் குலதெய்வமும் ஒரு நாய்தான். தம்தம் ஆலையிலிருந்து வந்த எச்எம்வி தட்டுகளின் நடுவில் குழாயைப் பார்த்துத் தலைசாய்த்து உட்கார்ந்திருக்குமே, அந்த நிப்பர். இங்கிலாந்தின் பிரிஸ்டலில் 1884-ல் பிறந்து 1895-ல் செத்துப்போன நிஜ நாய். அதன் எஜமானர்களில் ஒருவரான பிரான்சிஸ் பரோட் என்ற ஓவியர் அதை வரைந்தபோது எதிரில் இருந்தது எடிசன் பாணி உருளைக் கருவி. 1899-ல் கிராமபோன் கம்பெனி படத்தை வாங்கியபோது ஒரு நிபந்தனை போட்டது: அந்தக் கருவியை அழித்துவிட்டு எங்கள் தட்டுக் கருவியை வரைந்து கொடுங்கள். வரைந்து கொடுத்தார். கருவி மாறியது, நாயின் முகத்தில் ஒரு கோடு கூட மாறவில்லை. புதுக் கருவிக்கு மாறிய பிறகு வரும் வித்தியாசத்தைப் பற்றி இதைவிட நேர்மையான மதிப்புரை இன்று வரை வெளிவரவில்லை.

ஸ்காட்லாந்தில் காப்பகத்து நாய்களுக்குப் பாட்டுப் போட்டுப் பார்த்து 2017-ல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தார் ஒரு முடிவு சொன்னார்கள்: ரெகே, மெல்லிய ராக் இரண்டுக்கும் நாய்கள் சற்று அமைதியடைகின்றன. இதை ஆதாரமாகக் காட்டி உங்கள் நாய்க்கென்று தனி ஸ்பீக்கர் வாங்க வீட்டில் அனுமதி கேட்கலாம். கிடைக்காது. கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

பூனை, இசை, புத்தகம் மூன்றையும் ஒரே பிழைப்பாக்கிக்கொண்டவர் ஹாருகி முரகாமி. 1974-ல் தோக்கியோவின் கொகுபுன்ஜியில் ஜாஸ் விடுதி திறந்து, தன் பூனையின் பெயரையே வைத்து அதை "பீட்டர் கேட்" என்றார். பகலில் காப்பி, இரவில் மது, எந்நேரமும் தட்டு. 1979-ல் முதல் நாவல் வந்தது. கொஞ்ச நாளில் விடுதியை விற்றுவிட்டு எழுத உட்கார்ந்துவிட்டார். குழுவில் ஒவ்வொருவருக்கும் இது தன் வாழ்க்கைத் திட்டம் என்று உள்ளூர ஓர் எண்ணம் உண்டு. பூனை இருக்கிறது, தட்டு இருக்கிறது, நாவல்தான் பாக்கி. அவர்களை ஊக்கப்படுத்தாதீர்கள்.

புத்தகம் பற்றிய பேச்சில் ஓர் ஒழுங்குமுறை உண்டு: வாங்கியதைச் சொல்லலாம், படித்ததைக் கேட்கக் கூடாது. ஜனவரியில் புத்தகக் காட்சி முடிந்ததும் நந்தனத்திலிருந்து தூக்கி வந்த பைகளின் படங்கள் வரும். கருவிப் பெட்டிகளைப் போலவே அடுக்கி, பக்கவாட்டில் வெளிச்சம் விழ எடுத்திருப்பார்கள். "அருமையான தேர்வு" என்று எழுதுங்கள். "எப்படி இருந்தது?" என்று எழுதினால் கட்டைவிரல்கூட வராது. ஒரே ஒரு விலக்கு "மோகமுள்". அதைக் குழுவில் நிறையப் பேர் நிஜமாகவே படித்திருக்கிறார்கள், சிலர் இரண்டு முறை. எந்தக் கருவியும் இல்லாமல் வெறும் தாளில் தம்புராவை ஒலிக்கவிட்டவர் அதன் ஆசிரியர் தி. ஜானகிராமன். வானொலியில் வேலை பார்த்தவர் வேறு. அவரைப் பற்றிப் பேச்சு வரும் இரவுகளில் மட்டும் யாரும் ஓம் கணக்கைத் தூக்கிக்கொண்டு வருவதில்லை. அப்படி ஓர் இரவு அமைந்தால் நீங்களும் வாய் திறக்காமல் படித்துக்கொண்டிருங்கள்.

படிக்காத புத்தகங்களுக்கும் ஒலியியலில் வேலை இருக்கிறது. ஸ்பீக்கரிலிருந்து வரும் ஒலி எதிர்ச்சுவரில் மோதி நேராகத் திரும்பினால் பாட்டு கலங்கும். மான்ஃப்ரெட் ஷ்ரோடர் என்ற இயற்பியலாளர் 1970-களில் எண்கணிதத்தை வைத்து, வெவ்வேறு ஆழமுள்ள பள்ளங்களாக ஒரு பலகையைச் செதுக்கினால் ஒலி எல்லாப் பக்கமும் சீராகச் சிதறும் என்று காட்டினார். அந்தப் பலகை இன்று ஆயிரக்கணக்கில் விலை. உயரமும் தடிமனும் ஒழுங்கில்லாமல் புத்தகம் அடுக்கிய அலமாரி, ஷ்ரோடர் அளவுக்கு இல்லாவிட்டாலும், ஓரளவுக்கு அந்த வேலையைச் செய்யும். அழகுக்காக முதுகெல்லாம் ஒரே கோட்டில் நிற்கும்படி அடுக்காதீர்கள். சுவர்தான் திரும்பக் கிடைக்கும். ட்வீட்டர் காது மட்டத்துக்கு வரவேண்டும் என்று "பொன்னியின் செல்வன்" ஐந்து பாகங்களை ஸ்பீக்கருக்கு அடியில் கொடுக்கும் வழக்கமும் இருக்கிறது. இரண்டு ஸ்பீக்கர் என்பதால் இரண்டு செட் வேண்டும், அதுவும் ஒரே பதிப்பகத்தில். இல்லாவிட்டால் வந்தியத்தேவன் ஒரு பக்கம் சாய்வான்.

ராமபாணப் பூச்சிக்கு எல்பி அட்டையும் நாவலும் ஒன்றுதான். பசை இருக்கும் இடத்தில் அது ஆரம்பிக்கும். இரண்டையும் ஈரம் பிடிக்காத இடத்தில், நிற்க வைத்து அடுக்குங்கள். மழைக்காலத்தில் அடிக்கடி திறந்து பாருங்கள். இந்த யோசனைக்கு எதிராக மட்டும் குழுவில் இதுவரை யாரும் வாதாடியதில்லை.

கடைசியாக, விற்பது. "இடமில்லாததால் மனமில்லாமல் விற்கிறேன்" என்பதுதான் மரபான முதல் வரி. வேறு எதையும் எழுதினால் சந்தேகப்படுவார்கள். இடம் இல்லை என்பது உண்மைதான், புதிது ஒன்று வந்து அங்கே உட்கார்ந்திருக்கிறது. உங்கள் ஸ்பீக்கரை மாம்பலம் சார் வாங்குவார். எட்டு மாதத்தில் அவரிடமிருந்து திருச்சி ப்ரோ. அவரிடமிருந்து, இடமில்லாததால் மனமில்லாமல், மறுபடி சென்னைக்கு. இதற்குள் உங்களுக்கு அந்தப் பழைய ஸ்பீக்கரின் நினைப்பு வந்து வாட்ட ஆரம்பித்திருக்கும். தயங்காமல் திருப்பி வாங்குங்கள். விற்றதைவிட விலை கூடத்தான் இருக்கும். நடுவில் மூன்று பேர் பர்ன்-இன் செய்திருக்கிறார்கள் இல்லையா. பேரம் பேசும்போது இடது பக்கத் துணியில் இருக்கும் நகக் கீறலைச் சுட்டிக்காட்டி இரண்டாயிரம் குறைத்துக் கேளுங்கள். கீறியது உங்கள் பூனைதான் என்பதைப் பணம் அனுப்பி முடிக்கும் வரை சொல்ல வேண்டாம்.